சோறா, சப்பாத்தியா, கறியா: மாநிலத்துக்கு மாநிலம் எடை ஏன் மாறுகிறது?

திண்டுக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து லூதியானாவுக்குப் போய் பின்னலாடை ஆலையில் வேலை பார்க்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. "இங்கே காலையிலேயே வெண்ணெய் போட்ட பராத்தா, பெரிய டம்ளரில் லஸ்ஸி. எங்கள் ஊரில் இட்லி, சோறு, சாம்பார். சாப்பாடு இவ்வளவு வேறாக இருந்தும் இங்கேயும் தொப்பை, ஊருக்குப் போனால் அங்கேயும் தொப்பை. என்னோடு தங்கியிருக்கும் பீகார்க்காரர்கள் மட்டும் ஒல்லியாக இருக்கிறார்கள். ஒரே நாட்டுக்குள் ஏன் இந்த வித்தியாசம்? அரிசியா, கோதுமையா, கறியா, எது காரணம்?"

தம்பி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரிசி, கோதுமை, கறி என்று எந்த ஒன்றை வைத்தும் இந்தியாவின் எடைக் கணக்கை விளக்க முடியாது. தீட்டிய தானியமும் எண்ணெயும் ஒரு ஊருக்கு மலிவாக வந்து சேர்வது ஒரு பக்கம். அந்த ஊரில் உடம்பை வளைத்துச் செய்யும் வேலை குறைவது இன்னொரு பக்கம். இந்த இரண்டும் எப்போது சந்தித்தன என்பதுதான் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. பஞ்சாபில் முன்பே சந்தித்துவிட்டன. தமிழ்நாட்டில் கடந்த இருபது ஆண்டுகளில், நம் கண் முன்னால் சந்தித்தன. பீகாரில் இப்போதுதான் நெருங்கிக்கொண்டிருக்கின்றன.

இருபத்தைந்து வருடமாக உணவு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். இந்தக் கேள்வியைப் பல வடிவங்களில் கேட்டிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எண்கள். தேசியக் குடும்ப நல ஆய்வு என்று ஒன்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. அதன் ஐந்தாவது சுற்று 2019–21இல் நடந்தது. ஆய்வுக்கு வருபவர்கள் வீட்டுக்கே வந்து எடைக் கருவியில் நிற்க வைத்து, உயரத்தை அளந்து குறித்துக்கொள்கிறார்கள். வாய்க்கணக்கு கிடையாது என்பதால் இந்த எண்களை நம்பலாம். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பி.எம்.ஐ. கிடைக்கும். அது 18.5க்குக் கீழே இருந்தால் எடை குறைவு. 25 அல்லது அதற்கு மேல் என்றால் அதிக எடை, 30ஐத் தொட்டால் பருமன். நான் கீழே தரும் எண்கள் 25ஐத் தொட்டவர்கள் எல்லாரையும் சேர்த்தவை.

15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இந்திய அளவில் 24% பேர் அதிக எடை. பஞ்சாபில் 40.8%, தமிழ்நாட்டில் 40.4%, கேரளத்தில் 38.1%, ஆந்திராவில் 36.3%. அந்தப் பக்கம் பீகாரில் 15.9%, சத்தீஸ்கரில் 14.1%, ராஜஸ்தானில் 12.9%, ஜார்க்கண்டில் 11.9%, மேகாலயாவில் 11.5%. உச்சத்துக்கும் அடிக்கும் இடையே மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். நீங்கள் கண்ணால் பார்த்ததைத்தான் இந்த எண்களும் சொல்கின்றன: பஞ்சாபும் தமிழ்நாடும் ஏறக்குறைய ஒரே இடத்தில், பீகார் வெகு கீழே.

இப்போது நீங்கள் சந்தேகப்பட்ட ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்போம்.

அரிசிதான் காரணம் என்றால் ஜார்க்கண்டும் சத்தீஸ்கரும் அசாமும் பருத்திருக்க வேண்டும். மூன்றும் அரிசி தின்னும் மாநிலங்கள், மூன்றிலும் அதிக எடைக்காரர்கள் குறைவு. கோதுமைதான் காரணம் என்றால் பஞ்சாபுக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் இவ்வளவு இடைவெளி இருக்கக் கூடாது, ம.பி.யில் 16.6%தான். கறி மீனைச் சொல்லலாமா? பிறப்பு இறப்பைக் கணக்கெடுக்க அரசு நடத்தும் மாதிரிப் பதிவு முறையின் 2014 அடிப்படை ஆய்வில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் சைவமா அசைவமா என்று கேட்டார்கள். ராஜஸ்தானில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் சைவம், பஞ்சாபில் மூன்றில் இரண்டு பேர் சைவம். தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கம், ஜார்க்கண்ட் நான்கிலும் சைவர்கள் நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. அதாவது சைவ மாநிலங்களில் ஒன்று பருமன், ஒன்று ஒல்லி. அசைவ மாநிலங்களிலும் அப்படியே. நெய்யைச் சொல்லலாம் என்றால், 'பாட்டி' என்னும் சுட்ட கோதுமை உருண்டையை நெய்யில் முக்கி எடுத்துப் பருப்போடு தின்பது ராஜஸ்தான். அங்கே எட்டில் ஒரு பெண்தான் அதிக எடை.

சரி, பணமா? அதற்குப் பெரிய பங்கு உண்டு. நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் வசதியில் கடைசி ஐந்தில் ஒரு பங்கு வீடுகளில் பத்தில் ஒரு பெண் அதிக எடை. மேல்தட்டு ஐந்தில் ஒரு பங்கில் பத்தில் நாலு பேர் அளவுக்கு. நகரமா? அதுவும்தான். நகரத்துப் பெண்களில் 33.2%, கிராமத்துப் பெண்களில் 19.7%. ஆனால் ஹிமாசலப் பிரதேசத்தைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி அங்கே நகரத்தில் இருப்பவர்கள் வெறும் 10%. பீகாரைவிடவும் குறைவு. இருந்தும் 30% பெண்கள் அதிக எடை. கிராமம் என்றால் ஒல்லி என்ற பழைய கணக்கு எல்லா இடத்திலும் செல்லுபடியாகாது. அங்கே ஆப்பிளும் அரசு வேலையும் வீட்டுக்கு வீடு கொஞ்சம் பணத்தைக் கொண்டுவந்தன. அப்புறம் மலைப்பாதைகளுக்கு ரோடு வந்தது, பஸ் வந்தது.

இதையெல்லாம் சேர்த்துப் புரிந்துகொள்ள உங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு காட்சி இருக்கிறது. ஜூன் மாதம் லூதியானாவிலிருந்து கொஞ்சம் வெளியே போய்ப் பாருங்கள். நெல் நடவு நடக்கும். வரப்பில் பைக்கோடு நிற்பவர் நிலத்துக்காரர். சேற்றில் குனிந்து நடுபவர்களில் பெரும்பகுதி பீகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ரயிலேறி வந்தவர்கள். பசுமைப் புரட்சி 1960களின் பிற்பகுதியில் பஞ்சாபுக்கு வந்ததும் உழவை டிராக்டர் எடுத்துக்கொண்டது, அறுவடையை கம்பைன் எடுத்துக்கொண்டது, மிச்சமிருந்த கை வேலையை வெளி மாநிலத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். நிலத்துக்காரர் வீட்டுச் சாப்பாடு மட்டும் ஏர் பிடித்த தாத்தா காலத்து அளவிலேயே நின்றது. ஏழெட்டு மணி நேரம் ஏர் ஓட்டுபவருக்கு நாலு பராத்தாவும் லஸ்ஸியும் போதாமல்கூடப் போகலாம். டிராக்டரில் உட்கார்ந்து ஓட்டுபவருக்கு அது இரண்டு ஆளின் சாப்பாடு. அதனால்தான் 1998–99இல் நாட்டின் சராசரி 10.6%ஆக இருந்தபோதே பஞ்சாபில் 30% பெண்கள் அதிக எடையைத் தொட்டிருந்தார்கள்.

இன்னொன்று. பஞ்சாப் விளைவிக்கும் நெல்லை பஞ்சாப் பெரிதாகச் சாப்பிடுவதில்லை. இந்திய உணவுக் கழகம் வாங்கி, ரயிலில் ஏற்றி மற்ற மாநிலங்களின் ரேஷன் கடைகளுக்கு அனுப்புகிறது. ஒரே தானியம், ஒரு இடத்தில் அதை நடுபவரின் உடம்பில் தங்குவதில்லை, இன்னொரு இடத்தில் அதை உட்கார்ந்து தின்பவரின் இடுப்பில் தங்குகிறது. தானியத்தின் பெயரைக் கேட்பதைவிட, அதைத் தின்ற பிறகு அந்த உடம்பு என்ன செய்கிறது, தட்டில் அதோடு வேறு என்ன இருக்கிறது என்று கேட்பதுதான் சரி.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை இந்தியாவிலேயே மிகவும் கவனிக்க வேண்டிய கதை தமிழ்நாட்டுடையது. பஞ்சாப் எப்போதுமே பெருத்த உடம்புக்காரர்களின் ஊர் என்று பெயர் எடுத்தது. நாம் அப்படி இல்லை. 2005–06இல் தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடை 20.9%. 2015–16இல் 30.9%. 2019–21இல் 40.4%. முதல் பத்துப் புள்ளி ஏறப் பத்து வருடம் ஆனது, அடுத்த பத்துப் புள்ளி அதில் பாதிக் காலத்திலேயே ஏறிவிட்டது. ஆண்களும் பின்தங்கவில்லை, கடைசி இரண்டு சுற்றுகளுக்குள் 28.2%லிருந்து 37% ஆனார்கள். நகரங்களில் மட்டும் என்று ஆறுதல் அடையவும் வழியில்லை, கிராமத்திலேயே மூன்றில் ஒரு பெண்ணுக்கு மேல் இந்தக் கணக்கில் வருகிறார்கள்.

இந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ரேஷன் அரிசியைத் திட்டுபவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதே 2005–06இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 28% பேர் எடை குறைவாக இருந்தார்கள். நூற்றுக்கு இருபத்தெட்டுப் பெண்கள் எலும்பும் தோலுமாக. 2019–21இல் அது 12.6% ஆகியிருந்தது. எல்லாருக்கும் ரேஷன், 2008இல் கிலோ ஒரு ரூபாய் அரிசி, 2011 ஜூன் முதல் இலவச அரிசி, 1982இல் விரிவான சத்துணவுத் திட்டம்: இவை பசியைக் குறைத்தன. அடுப்பு எரியாத வீடுகளை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அந்தக் காலம் திரும்ப வரக் கூடாது. பசியை விரட்டிய அரிசிக்குத் துணையாகப் பருப்பும் காய்கறியும் முட்டையும் அதே வேகத்தில் தட்டுக்கு வரவில்லை என்பதுதான் குறை. ரேஷனில் பருப்பு வந்தது, ஆனால் வீட்டுக்கு மாதம் ஒரு கிலோ. அரிசியோ இருபது கிலோ வரை. அந்த விகிதம் அப்படியே தட்டில் இறங்கியது.

அரிசிக்கு முன்னால் என்ன இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. காவிரிப் படுகையை விட்டுவிட்டுப் பார்த்தால், தமிழ்நாட்டின் மானாவாரி ஊர்களில் அரிசிச் சோறு பண்டிகைச் சாப்பாடு. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் கேழ்வரகுக் களி. கோவில்பட்டி, விருதுநகர் கரிசலில் கம்மஞ்சோறும் சோளச்சோறும். மலையடிவாரங்களில் சாமை, தினை, குதிரைவாலி. உங்கள் திண்டுக்கல் மாவட்டத்திலும் பாட்டி தலைமுறை கம்பும் சோளமும் சாப்பிட்டு வளர்ந்ததுதான். அந்தத் தானியங்களில் தவிடு போகாது, செரிக்க நேரம் எடுக்கும், ஒரு உருண்டை களி மதியம் வரை தாங்கும். அரிசிச் சோறு கௌரவமாகப் பார்க்கப்பட்டது, அதனால் அரிசி மலிவானதும் களியைக் கைவிட யாரும் யோசிக்கவில்லை. இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கூழ் குடிப்பவன் என்று ஏளனமாகப் பார்க்கப்பட்டவர்கள், வெள்ளைச் சோறு கிடைத்தபோது அதைப் பிடித்துக்கொண்டார்கள். நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 2023 மே முதல் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். சின்ன அடி என்றாலும் சரியான திசையில் வைத்த அடி.

அப்புறம் வேலை. என் அம்மா ஒரு நாளில் செய்ததை நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். விடியலில் கிணற்றில் தண்ணீர் இறைப்பது, ஆட்டுக்கல்லில் மாவாட்டுவது, அம்மியில் அரைப்பது, வாரத்துக்கு இரண்டு முறை உரலில் இடிப்பது, துணி துவைப்பது, அதற்கு மேல் களையெடுப்பு. அந்த உடம்பு கேட்ட சோறு வேறு. இன்றைக்கு வீட்டுக்கு வீடு மிக்சியும் கிரைண்டரும் இருக்கின்றன. 2011க்குப் பிறகு அரசாங்கமே கொடுத்தது. குழாயில் தண்ணீர் வருகிறது. நடவுக்கும் அறுப்புக்கும் மெஷின். பக்கத்து ஊருக்கு நடந்து போனவர்கள் தெருமுனைக் கடைக்கே வண்டியில் போகிறார்கள். ஆட்டுக்கல் போனதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட மாட்டேன், அது பெண்களின் தோள்பட்டையைத் தின்ற கல். ஆனால் அந்த உழைப்பு போன இடத்தில் நடையோ விளையாட்டோ எதுவும் வந்து சேரவில்லை. நம் ஊரில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி வேகமாக நடந்தால், "எங்கே அவசரமாக?" என்று நாலு பேர் கேட்பார்கள். வெறுமனே நடக்கப் போகிறேன் என்று சொல்ல அவளுக்கே கூச்சமாக இருக்கிறது. என்னிடம் ஆலோசனைக்கு வரும் பெண்கள் சொல்லும் முதல் தடையே இதுதான்.

மூன்றாவது, சாயங்காலம். நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையை எழுதச் சொன்னால் எல்லாரும் ஒழுங்காக எழுதிக் கொடுக்கிறார்கள். நாலு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் என்ன என்று கேட்டால்தான் வெளியே வரும்: டீயோடு இரண்டு வடை, பஜ்ஜி, பேக்கரியில் பஃப்ஸ், பிள்ளைக்கு வாங்கிய சிப்ஸில் பாதி. ராத்திரி வேலை முடிந்து வரும்போது பரோட்டா பார்சல், சால்னாவோடு. பரோட்டா என்பது நார் எடுத்த கோதுமை மாவு, தட்டும்போது எண்ணெய், கல்லில் போடும்போது மறுபடி எண்ணெய். இது விருந்தாக இருந்த காலம் போய், கூலி வேலை முடித்து வருபவரின் அன்றாட இரவுச் சாப்பாடாகிவிட்டது. காரணம் எளிது. இருப்பதிலேயே மலிவாக, சீக்கிரமாக, வயிறு நிறைகிற சாப்பாடு அதுதான்.

வீட்டுச் செலவுக் கணக்கிலும் இது தெரிகிறது. 1999–2000இல் இந்தியக் கிராமத்து வீட்டின் மொத்தச் செலவில் தானியத்துக்கு 22% போனது. 2022–23இல் 5% அளவுக்கு வந்துவிட்டது. அதே ஆண்டில் பானங்கள், நொறுக்குத்தீனி, கடையில் சமைத்த சாப்பாடு ஆகியவற்றுக்கு 9.6%. அரிசி கோதுமைக்கு ஆகும் காசைப்போல இரண்டு மடங்கு! இந்த வகைச் செலவில் பெரிய மாநிலங்களில் தமிழ்நாடு முன்னணியில் இருக்கிறது. கடையில் பொரிப்பது பெரும்பாலும் பாமாயில். 1994இல் அதன் இறக்குமதி திறந்துவிடப்பட்டது, இன்றைக்கு உலகத்திலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு இந்தியாதான். தமிழ்நாட்டு ரேஷன் கடையில் 2007 முதல் மலிவு விலையில் ஒரு லிட்டர் பாக்கெட். எண்ணெய் விலை உயர்ந்த பொருளாக இருந்தவரை வடை சுடுவது ஒரு நாள் விசேஷம். மலிவானதும் அது தினசரி ஆனது.

கேரளத்தின் கதை இதற்குத் தம்பி முறை. வளைகுடாப் பணம், நகரமா கிராமமா என்று பிரிக்க முடியாத ஊர்கள், மூலைக்கு மூலை பேக்கரி. வயிற்றுச் சுற்றளவை வைத்து அளந்தால் பெண்களில் கேரளம்தான் முதலிடம்: 65.4%. ஜார்க்கண்டில் 23.9%. குஜராத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே 22.6% பெண்கள் அதிக எடை, 25.2% பெண்கள் எடை குறைவு. சூரத், அகமதாபாத் போன்ற நகரங்களின் வசதியும் தாஹோத், டாங் போன்ற பழங்குடி மாவட்டங்களின் வறுமையும் ஒரே மாநிலத்தின் சராசரிக்குள் ஒளிந்திருக்கின்றன. மாநிலச் சராசரி என்று ஒரு எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே இப்படி இரண்டு ஊர் இருக்கலாம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்த ஆய்வு 15 முதல் 49 வரையுள்ள பெண்களை அளக்கிறது. பதினெட்டு வயதில் பருமன் அரிது. பிள்ளை பெற்று நாற்பதைத் தொடும்போதுதான் எடை ஏறுகிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பல ஆண்டுகளாகவே குழந்தைப் பிறப்பு குறைவு, அதனால் அளக்கப்படும் பெண்களில் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் அதிகம். பீகாரில் இளம் பெண்கள் அதிகம். ஆக இடைவெளியில் ஒரு பகுதி வெறும் வயது வித்தியாசம். பீகாரின் இன்றைய இளம் பெண்கள் நாற்பதைத் தொடும்போது அங்கேயும் எண் ஏறும்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒன்று. உங்கள் பீகார் நண்பர்கள் ஒல்லியாக இருப்பதால் அவர்களுக்குச் சர்க்கரை வராது என்று எண்ண வேண்டாம். 2004இல் ஒரு மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் பக்கத்தில் பக்கத்தில் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே: 22.3. உடம்பில் இருந்த கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1%, யாஜ்னிக்குக்கு 21.2%. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு, அதுவும் வயிற்றுக்குள். நம் நாட்டவர்களிடம் இது பரவலாக உண்டு. தாயின் வயிற்றிலேயே பட்டினி கண்டு எடை குறைவாகப் பிறக்கும் குழந்தைக்குத் தசை குறைகிறது, கொழுப்பு அந்த அளவுக்குக் குறைவதில்லை. அப்படிப் பிறந்தவர் பிற்காலத்தில் தாராளமாகச் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கத் தொடங்கினால் சர்க்கரை சீக்கிரம் வந்துவிடுகிறது. அதனால்தான் இந்திய மருத்துவர்கள் 23ஐத் தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறார்கள், 25ஐயே பருமன் என்கிறார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து 2008 முதல் 2020 வரை எல்லா மாநிலங்களிலும் நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரம் பேரை அளந்தார்கள். நீரிழிவு மிகவும் குறைவாக இருந்தது உத்தரப் பிரதேசத்தில், 4.8%. ஆனால் அங்கேயே 18% பேர் நீரிழிவின் வாசலில் நிற்கிறார்கள். வந்துவிட்ட ஒருவருக்குப் பின்னால் வரிசையில் கிட்டத்தட்ட நாலு பேர். அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வந்தது. நாம் சாப்பிடும் சக்தியில் 62% மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதத்திலிருந்து 12% அளவே. தெற்கிலும் கிழக்கிலும் வெள்ளை அரிசி, வடக்கிலும் மத்தியிலும் அரைத்த கோதுமை. சிறுதானியம் முக்கிய உணவாக மிஞ்சியிருப்பது கர்நாடகம், குஜராத், மகாராஷ்டிரம் மூன்றில் மட்டும். வெள்ளை அரிசியை எடுத்துவிட்டு அதே அளவு கோதுமை மாவை வைத்தால் ஆபத்து குறைவதில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதியைப் பருப்பு, பால், முட்டை போன்ற புரதமாக மாற்றினால் குறைகிறது. உங்கள் சோறா சப்பாத்தியா கேள்விக்கு இதைவிட நேரான பதில் இல்லை. ராத்திரி சோற்றை நிறுத்தி ஆறு சப்பாத்தி சாப்பிடுகிறேன் என்று என்னிடம் பெருமையாகச் சொல்பவர்களிடம் நான் கேட்பது: கூட எவ்வளவு பருப்பு, எவ்வளவு காய்?

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு நாளைக்கு 2000 கலோரி தட்டு ஒன்றைக் கொடுத்திருக்கிறது. சமைக்காத அளவில் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, எண்ணெய் 27 கிராம். எண்ணெயை மாதக் கணக்காக்கினால் நாலு பேர் வீட்டுக்கு மூன்றரை லிட்டர், கடையில் சாப்பிடுவதும் அதற்குள்ளேயே அடக்கம். உங்கள் வீட்டில் மாதம் எத்தனை பாக்கெட் வாங்குகிறார்கள் என்று அம்மாவிடம் போனில் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஆலையில் நின்று வேலையா, உட்கார்ந்து வேலையா என்று நீங்கள் எழுதவில்லை. உட்கார்ந்து என்றால் காலை பராத்தா ஒன்று போதும், வெண்ணெய் வேண்டாம். லஸ்ஸிக்குப் பதிலாகச் சர்க்கரை போடாத மோர். பஞ்சாபில் ராஜ்மாவும் கொண்டைக்கடலையும் தாராளமாகக் கிடைக்கும், ரொட்டியைக் குறைத்து அதை இரண்டு கரண்டி கூட்டுங்கள். பீகார் நண்பர்களிடம் 'சத்து' என்று ஒரு மாவு இருக்கும். வறுத்த கொண்டைக்கடலை மாவு. வெயில் காலத்தில் அதைத் தண்ணீர், உப்பு, எலுமிச்சை, வெங்காயத்தோடு கலக்கிக் குடிக்கிறார்கள். அதைக் கற்றுக்கொள்ளுங்கள், சாயங்கால சமோசாவுக்கு அதைவிட நல்ல மாற்று எனக்குத் தெரியாது. அவர்கள் சம்பளம் கூடியதும் அந்த மாவை விட்டுவிட்டு சமோசாவுக்கு மாறாமல் இருந்தால் அவர்களுக்கும் நல்லது. இதை நண்பராக நீங்கள் எடுத்துச் சொன்னால் நான் சொல்வதைவிட எடுபடும்.

பத்து ரூபாய்க்குத் தையல்காரர் டேப் ஒன்று வாங்கி, தொப்புள் மட்டத்தில், வயிற்றை எக்காமல் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதற்குள் இருக்க வேண்டும். ஒல்லியான நண்பர்களையும் அளக்கச் சொல்லுங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அளந்து, எண்ணைக் காலண்டரில் எழுதி வைத்துவிட்டு வாருங்கள். அளவு தாண்டியிருந்தால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊருக்கே ஆள் வந்து இரண்டையும் பார்க்கிறார்கள், மாத்திரையையும் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அம்மா தானாகப் போய்க் கேட்க மாட்டார். நீங்கள் ஊரில் இருக்கும் அந்த நாலு நாளில் ஒரு நாள் காலை அவரைக் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள். வண்டி எடுக்க வேண்டாம். இரண்டு பேருமாக நடந்தே போங்கள்.